மணவாளனின் பல் அச்சு

பல் ஆஸ்பத்திரி அலமாரியிலிருந்து பிணவறைக்கு வந்த பிளாஸ்டர் அச்சுக்கு ஒரே வேலைதான். முகம் கருகிக் கிடந்தவன் மணவாளன்தானா என்று காட்ட வேண்டும். காட்டாவிட்டால் மாலையில் பெயரில்லாமல் புதைத்துவிடுவார்கள்.

அச்சில் முன்பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன. பிணத்தின் மேல்தாடையிலோ பற்கள் ஒழுங்காக நின்றன. இரண்டு குறைந்தும் இருந்தன.

"ஆள் இவன் இல்லை, கிளம்பு" என்றது அளக்க வந்த கவராயம்.

"நான்தாங்க!" என்று பதறிய தாடை, அச்சிடம் கேட்டது: "உன்னை எடுத்த பிறகுதானே எனக்குக் கம்பி கட்டினாங்க? இடம் போதலைன்னு ரெண்டு பல்லையும் பிடுங்கிட்டாங்க."

"நீ சொன்னா ஆச்சா? எனக்கு அளவு வேணும்."

"அப்போ பல்லை விடுங்கண்ணே, மேல்வாய்க் கூரையில மேடுமேடா இருக்கிற அண்ணத்து வரிகளை அளங்க. அது ஆளுக்கு ஆள் வேற" என்றது அச்சு.

முதல் வரி பொருந்தவில்லை.

"பல் பிடுங்கின இடத்துக்குப் பக்கத்து வரி அது. பல்லோட சேர்ந்து நகர்ந்திருக்கும். பின்னால போங்க" என்றது அச்சு.

இரண்டாவதும் விலகியிருந்தது. கவராயம் காலை மடக்கியது.

"இன்னும் ஒண்ணு இருக்கு. அதை அளக்காம உங்களை விடமாட்டேன்" என்றது அச்சு.

முணுமுணுத்தபடியே கவராயம் உள்ளே போனது. கம்பியின் இழுப்பு எட்டாத மூன்றாவது வரி நடுவில் இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை மட்டும் வளைந்திருந்தது. அச்சிலும் அதே பிரிவு, அதே வளைவு. கவராயம் மூன்று முறை அளந்தது.

"இவன்தான்" என்றது.

பதிவேட்டில் பெயர் ஏறியது. வெளியே மூன்று நாளாக உட்கார்ந்திருந்த அவன் தங்கையைக் கூப்பிட்டார்கள். அவள் அழுத சத்தம் கேட்டபோது, அச்சுக்கு ஜெயித்ததாகத் தோன்றவில்லை.