எழுத்து வரிசைப்படி

"யாருடா இதுல கைய வச்சது?"

கேட்டவளுக்கு அழுது அழுது தொண்டை கட்டியிருந்தது.

குளிர்பதனக் கிடங்கில் அமோனியா கசிந்தபோது உள்ளே மாட்டிக்கொண்டவன் அவளுடைய தம்பி. சைரன் அலறியிருந்தால் ஓடி வந்திருப்பான். அலறவில்லை.

அந்தச் சைரனை இயக்கும் நிரலை ரூபி என்ற கணினி மொழியில் எழுதியது அவளுடைய குழுதான். தம்பியை அடக்கம் செய்த கையோடு அலுவலகத்துக்கு வந்துவிட்டாள். வீட்டுக்குப் போகச் சொல்லி மேலாளர் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தார். அசையவில்லை.

கோளாறு திரையில் இருந்தது. அடுத்தடுத்து இரண்டே வரிகள்.

அலாரத்துக்குள் இரண்டு மாட்யூல்களை, தனித்தனி நிரல் துண்டுகளை, சேர்த்திருந்தார்கள். 'சைரன்' ஊரே கேட்க அலறும். 'டெஸ்ட்' சோதனைக்கானது, அலறாமலேயே அலறிவிட்டதாகப் பதில் சொல்லும். இரண்டுக்குள்ளும் ஒரே பெயரில் கட்டளை. அப்படி இருந்தால் கடைசியாகச் சேர்த்ததுதான் பேசும், முந்தையது வாயை மூடிக்கொள்ளும். ரூபி அதற்கு ஒரு முணுமுணுப்புக்கூடக் காட்டாது.

முதலில் டெஸ்ட், அதன் கீழே சைரன் என்றுதான் இருந்தது. யாரோ அதைத் தலைகீழாக மாற்றியிருந்தார்கள், கடைசியாக நின்றது டெஸ்ட்.

மாற்றியவர் பெயர் வரும் ஓரத்தை மறைத்துக்கொண்டு மேலாளர் திரையோடு ஒட்டி நின்றார்.

"நான்தான்கா." மூலையில் இருந்தவன் எழுந்தான். "எழுத்து வரிசைப்படி இருந்தா பாக்க அழகா இருக்குமேன்னு மாத்திட்டேன்."

பளாரென்று அறைந்தாள். மறு கன்னத்திலும் அறைந்தாள். அழகாம், அழகு! என் தம்பியைத் தின்ற அழகு!

அவன் தடுக்கவில்லை. மற்றவர்களும் தடுக்கவில்லை. மேலாளர் அழுதுகொண்டிருந்தார்.

கை ஓய்ந்து, அவனுடைய நாற்காலியிலேயே சரிந்து உட்கார்ந்தாள்.

மேசையில் காய்ந்துபோன டீக் கோப்பை, சிக்கு விழுந்த வயர்கள், ஒற்றைச் சாக்ஸ், மூலைக்கொன்றாகப் பேனாக்கள். குழுவில் அவனுக்குப் பெயரே குப்பைமேடு. எழுதும் நிரலும் அதே லட்சணம். அவன் பின்னாலேயே போய் ஒவ்வொரு வரியையும் அடுக்கி வைப்பவள் அவள்தான். ஒரு வரி வரிசை கலைந்திருந்தால் அக்காவுக்குச் சாப்பாடு இறங்காது என்று எல்லோரும் கேலி செய்வார்கள்.

அவன் இதுவரை எதையும் வரிசைப்படுத்தியதே இல்லை.

சிதறிக் கிடந்த பேனாக்களை அவளுடைய கை தன்பாட்டுக்கு ஒவ்வொன்றாக எடுத்து நேராக அடுக்கிக்கொண்டிருந்தது.

அவள் அந்தக் கையைப் பார்த்தாள்.