இன்னும் சின்ன சைஸ்

மூடிக்கிடந்த துணிக்கடையைத் தெருக்காரர்கள் கூடிக் குழந்தைகள் காப்பகமாக்கினார்கள். முன்பு அங்கே துணி விற்ற என் நாத்தனாரே இப்போது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாள். மூலையில் இருந்த ட்ரையல் ரூமை மட்டும் இடிக்காமல் விட்டுவிட்டார்கள்.

முதல் நாளே உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் கேட்டது. “அக்கா, இது பெருசா இருக்கு. சின்ன சைஸ் குடுங்க.”

நாத்தனார் பழக்கதோஷத்தில் பிள்ளைகளின் மாற்றுச் சட்டை ஒன்றைக் கதவுக்கு மேலே நீட்டினாள். ஒரு கை வாங்கிக்கொண்டது. திறந்து பார்த்தால் ஆளும் இல்லை, சட்டையும் இல்லை.

“யாருன்னு பாக்காமலா குடுத்தே?”

“துணி மாத்துற இடத்துல எட்டிப் பாப்பாங்களா அண்ணி? கேட்டதைக் குடுத்தா பேசாம இருக்கு.”

மகளை அங்கே விட்டுப்போக எனக்கு மனமில்லை. ஆனால் நான் வேலைக்குப் போகிறவள். அவளை விட்டுச்செல்ல வேறு இடமில்லை.

அந்தக் குரல் தினமும் இன்னும் சின்ன சைஸ் வேண்டுமென்று கேட்டது. இன்று மகளை அழைக்கப் போனபோது நாத்தனார் ட்ரையல் ரூம் கதவருகே காலியான சட்டைக் கூடையோடு நின்றாள்.

“இதுக்கு மேல சின்னது இல்லம்மா.”

“அங்க நிக்குதே பாப்பா, அதைக் குடுங்க.”

மகளை வாரியெடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். “ஒண்ணுமில்லடா தங்கம், அம்மா இருக்கேன்” என்றேன்.

இன்னும் பேச்சு வராத என் மகள் தோளில் முகம் புதைத்துக்கொண்டு தெளிவாகச் சொன்னாள்: “இது சரியா இருக்கு, அக்கா.”