அம்மா கொண்டுவந்த கூடை

அம்மா மீன்கூடையோடு பள்ளிக்கூட ஹாலுக்குள் நுழைந்தபோது, பூமி பிளந்து என்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது.

அன்று சனிக்கிழமை. போதைப் பழக்கத்தைப் பற்றிப் பேச வியாசர்பாடியிலிருந்து சங்கமித்ரா அக்கா வந்திருந்தார். பெற்றோர் கட்டாயம் வர வேண்டும் என்று ஹெச்.எம். சொல்லியனுப்பியிருந்தார். வரச் சொன்னார், சரி. கூடையோடா வரச் சொன்னார்?

மற்ற அம்மாக்கள் பூ வைத்துக்கொண்டு, கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவையில் வந்திருந்தார்கள். எங்கம்மா முத்தம்மா மட்டும் காசிமேட்டு ஏலத்திலிருந்து நேராக வந்திருந்தாள். இடுப்பில் அலுமினிய அன்னக்கூடை, அதன்மேல் ஈரக்கோணி.

காலியாக இருந்த இடத்தையெல்லாம் விட்டுவிட்டு, ப்ளஸ் ஒன் பையன்கள் தரையில் உட்கார்ந்திருந்த கடைசி வரிசைக்குப் போனாள். அங்கே சுழன்றுகொண்டிருந்த ஸ்டாண்டு ஃபேனுக்கு முன்னால் கூடையை இறக்கினாள்.

அந்த வரிசையில்தான் என் அண்ணன் உதயா இருந்தான். அம்மாவைப் பார்த்ததும், தெரியாதவன் மாதிரி புத்தகப் பைக்குள் தலையை விட்டுக்கொண்டான். புத்திசாலி. நானும் அப்படித்தான் செய்திருப்பேன், பை இருந்திருந்தால்.

சில மாதங்களுக்கு முன்பு அவனும், இப்போது அவனுக்கு இரண்டு பக்கமும் இருந்த தோஸ்துகள் இரண்டு பேரும் ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் உட்கார்ந்து, சைக்கிள் பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷனைத் துணியில் நனைத்து மோந்துகொண்டிருந்தார்கள். அது எங்களுக்குத் தெரியவந்ததே ஒரு பூனையால்தான்.

ஊசிப்போன மீன்குழம்பைக் கொட்டுவதற்காக அம்மா ஓரமாக வைத்திருந்தாள். பூனை மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. அண்ணன் அதைச் சோற்றில் ஊற்றி, தட்டை வழித்துச் சாப்பிட்டான்.

மீன்காரி பெற்ற பிள்ளைக்குக் கெட்ட மீன் தெரியவில்லை. அம்மா அன்றைக்கு அழுத மாதிரி அப்பா கடலில் காணாமல் போய்த் திரும்பிய வாரம்கூட அழவில்லை.

அப்புறம் அடி, டாக்டர், அம்மன் கோயிலில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் எல்லாம் ஆயிற்று. விட்டுவிட்டான் என்றால் மூக்குக்கு வாசனை மெல்லத் திரும்பிவிடும் என்றார் டாக்டர். "மெய்யாலுமே உட்டுட்டேம்மா" என்று அண்ணனும் மாசக்கணக்காகச் சொல்லிப் பார்த்தான்.

அம்மா நம்பவில்லை.

கருவாடு வறுத்தால் போதும், "இன்னா வாசனம்மா!" என்பான். கண்ணால் பார்த்துவிட்டு மூக்கால் பேசுகிறான் என்று அம்மா என்னிடம் முணுமுணுப்பாள். அவள் ஒரே ஒருமுறை நம்பிவிட மாட்டாளா என்று வீட்டில் எல்லோரும் ஏங்கினோம். அவன்தான் அதிகம் ஏங்கினான். இளைத்தே போய்விட்டான்.

மேடையில் சங்கமித்ரா அக்கா மூளையின் படத்தை விரித்துப் பிடித்தார்.

அம்மா குனிந்து, கோணியின் ஒரு முனையை லேசாகத் தூக்கிவிட்டாள்.

பைக்குள் இருந்த அண்ணனின் தலை விருட்டென்று வெளியே வந்தது. ஹாலில் வேறு யாரும் மூக்கைத் தொடுவதற்கு முன்பே அவன் பொத்திக்கொண்டு எழுந்துவிட்டான்.

"யம்மா! இன்னாம்மா எத்தாந்துகீற? கப்பு தாங்கல!"

ஹாலே சிரித்தது. அதற்குள் ஃபேன் தன் வேலையைக் காட்டிவிட்டது. சிரித்தவர்கள் எல்லோரும் அவசரமாக முந்தானையையும் துப்பட்டாவையும் தேடினார்கள். ஹெச்.எம். கர்ச்சீப்பை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் ஓடினார்.

முத்தம்மா மீன் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று அம்மா விற்கிற தேரடி முழுக்கப் பேர். அந்தப் பேர் என் கண்ணெதிரே காற்றில் பறந்தது.

அம்மாவோ சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்டச் சிரித்தாள். அண்ணனை இழுத்து, அத்தனை பேர் முன்னாலும் அவன் மூக்கில் முத்தம் கொடுத்துவிட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

நான் சண்டை போடப் பின்னாலேயே ஓடினேன். கோணியை விலக்கினால், சுத்தமாகக் கழுவிய கூடையில் ஒரே ஒரு கானாங்கத்தை மீன். கண் உள்ளே போய், வயிறு வெடித்துக் கிடந்தது. கோழித் தீவனத்துக்குத் தள்ளிவைத்த குவியலிலிருந்து கேட்டு வாங்கினாளாம். முத்தம்மாவுக்கு மீன் பார்க்கத் தெரியாமல் போய்விட்டது என்று மார்க்கெட்டே கேலி செய்ததாம். சந்தோஷமாகச் சொன்னாள்.

உள்ளே அண்ணன் இன்னும் நாற்றத்தைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தான். பாட்டுக் கச்சேரி மாதிரி அம்மா அதை நின்று கேட்டாள். எனக்கும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

சங்கமித்ரா அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டே வெளியே வந்தார். குரலைத் தாழ்த்தி, "அக்கா, உங்க பையனுக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு பசங்க. ரெண்டு பேருமே மூக்கப் பொத்தலையே, பாத்தீங்களா?" என்றார்.

அம்மா கோணியை மறுபடியும் மூடினாள்.

"பாத்தேம்மா. அதுங்களுக்கும் சேத்துத்தான் எத்தாந்தேன். நீ உள்ள போய்ப் பேசு, நான் போய் அதுங்க ஆத்தாக்காரிங்கள இட்டாரேன்."