எடைமேடையில் மேலாளர்

இழுத்து மூடிய கம்பெனி ஒன்றில் மேலாளராக இருந்தவர், டை கட்டிக்கொண்டு லாரி டிரைவர் வேலைக்கு வந்திருந்தார். எடைமேடையில் நின்ற காலி லாரி ஒன்பதாயிரம் கிலோ காட்டியது. அவர் ஏறி உட்கார்ந்த பிறகும் அதே ஒன்பதாயிரம்தான்.

"பெரிய பதவியில இருந்தவங்க ஏறினா இப்படித்தான் சார் காட்டும்," என்றார் எடைக்காரர். "வீட்டுல உண்மையச் சொல்லுங்க, சரியாயிடும். வேலை உங்களுக்குத்தான்."

கூசிக் குறுகியபடி மனைவிக்குப் போன் போட்டார்.

"என்னங்க, ஆபீசர் வேலைதானே? உங்களுக்குக் கீழ எத்தனை பேர்? எங்கக்கா வேற பக்கத்துலயே உக்காந்திருக்கா."

லாரிக்குப் பத்துச் சக்கரங்கள்.

"பத்துப் பேரும்மா," என்றார்.

வெளியே எடைத் திரையில் எண் இறங்கத் தொடங்கியது. எட்டாயிரம். ஐயாயிரம். அவர் தலையைக் குனிந்துகொண்டார். எடைக்காரர் கயிறு எடுத்துவந்து லாரியை மேடையோடு சேர்த்துக் கட்டினார்.