ஜன்னலுக்கு மேலே பனி

மிச்சிகனின் வடகோடியில் மதிய வெயில் பனியில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கிறது. ஐலி தரையில் நின்றபடி, நீளக் கழியில் பூட்டிய பலகையால் கூரை விளிம்புப் பனியை இழுத்துத் தள்ளுகிறாள். விட்டுவைத்தால் வீட்டுச் சூட்டில் அது உருகி, விளிம்பில் வந்து பாறையாக உறைந்து, பின்னால் வரும் தண்ணீரை வீட்டுக்குள் திருப்பிவிடும். போன குளிர்காலத்தில் அப்படி உறைந்ததைக் கோடரியால் கொத்தப்போய்த்தான் அவள் புருஷன் ரெய்னோ விழுந்து இடுப்பொடிந்தான். இப்போது கட்டிலில் கிடந்தபடி, விரலளவு திறந்த ஜன்னல் வழியே வேலை வாங்குகிறான். “கூரையை வாருறியா, உங்கப்பன் மொட்டத் தலைய வாருறியா? இன்னும் மேலேர்ந்து இழுடி, பொணமே!” இருபத்தாறு வருஷமாக இதே குரல். ஐலி ஜன்னலை வெளியிலிருந்து அழுத்திச் சாத்துகிறாள். அதற்கு நேர் மேலே பலகையை எட்டிப் போட்டு இழுக்கிறாள். பனி பொத்தென்று விழுகிறது. மறுபடி இழுக்கிறாள். பனி கண்ணாடியில் அவன் முகத்துக்கு, பிறகு பாதிக்கு, பிறகு மேல் சட்டம் வரைக்கும் ஏறுகிறது. “ஐலி! இருட்டிக்கிட்டு வருதுடி! ஏய்... ஐலிம்மா!” உள்ளிருந்து வரும் குரல் பஞ்சு வைத்து அடைத்தது போல் கேட்கிறது. “இனிமே ஒழுகாது, பயப்படாதீங்க,” என்கிறாள். கழியைத் தோளில் சாய்த்துக்கொண்டு கிழக்குச் சுவரைச் சுற்றி, அந்த அறையின் இன்னொரு ஜன்னலுக்கு நடக்கிறாள்.