குப்பை மேட்டுப் பனி

“பனி பாக்கத் தலைக்கு இருநூறு ரூபாய் மேடம்ஜி. தொட்டுப் பாக்கணும்னா ஐம்பது கூட.”

ஹேத்ராம் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றபடி சொன்னான். அந்தப் பக்கம், பழுப்பேறிய மலைச்சரிவில், ஒரு கல்யாணப் பந்தல் அகலத்துக்கு மட்டும் வெள்ளைவெளேரென்று கிடந்தது.

“ஜனவரியில குலு மலை முழுக்க மொட்டையா நிக்குது. உன் கடை வாசல்ல மட்டும் எப்படிப் பெஞ்சுது?” என்றாள் கறுப்புக் கண்ணாடி போட்ட அந்தப் பெண்.

“தேவிக்கு என் மேல தனிப் பிரியம்.”

“நூறு.”

“பனியே இல்லாத வருஷத்துல பனிக்குப் பேரமா? நூத்தெண்பது.”

“நூத்திருபது. தொடறதும் சேத்து.”

பேரத்தில் இப்படி அடி வாங்கி அவனுக்குப் பழக்கமில்லை. பணத்தை வாங்கும்போதே அவளை ஏற இறங்கப் பார்த்தான். சரிவில் குப்பை போடுகிறவன் கடையை இழுத்து மூடிவிடுவோம் என்று பஞ்சாயத்தில் சொல்லியிருந்தார்கள். சோதிக்க வருகிற அதிகாரி, சுற்றுலா வந்தவர் மாதிரியே வருவாராம். கோட்டும் பூட்ஸும் வாடகைக்கு விடும் அந்த ஒரு கடைதான் அவன் பிழைப்பு. அவன் சரிவில் விரித்திருந்ததோ, ஆப்பிள் மண்டிக்குப் பின்னால் இருக்கும் குப்பை மேட்டில் பொறுக்கி உதிர்த்த தெர்மகோல்.

அவள் குனிந்து ஒரு பிடி அள்ளினாள்.

“சில்லுனு இல்லையே?”

“பருவநிலை மாறிப்போச்சு மேடம்ஜி. இப்பல்லாம் இப்படித்தான் விழுது.”

“உருகவும் மாட்டேங்குது.”

“சரக்கு அப்படி!”

“காத்தடிச்சா பறந்துடுமே?”

“அதுக்குத்தான் ராத்திரியே தண்ணி தெளிச்சு…” ஹேத்ராம் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். “மண்டிக் குப்பைதானே?”

ஹேத்ராம் கையெடுத்துக் கும்பிட்டான். “நான் என்ன பண்றது ஜி? வருஷா வருஷம் குப்பையை எரிச்சோம். கரி போய்ப் பனி மேல படிஞ்சுது, வெயில் பட்டதும் கிடுகிடுன்னு உருகிடுச்சு. இப்பப் பெய்யறதே நின்னுபோச்சு. எரிக்காம மிச்சம் கிடந்ததைத்தான் விரிச்சிருக்கேன். மழை வந்தா எல்லாம் ஆத்துக்குப் போயிடும், தெரியும். தப்புதான். கடையை மட்டும் மூடிடாதீங்க. சாயங்காலத்துக்குள்ள ஒரு பொட்டு விடாம பெருக்கிடறேன்.”

“பெருக்கிப் பாரு, தெரியும் சேதி!”

“வீட்டுத் தேன் ரெண்டு பாட்டில் இருக்கு ஜி…”

“அதை நீயே நக்கு. குப்பை மேட்டுல இன்னும் எவ்வளவு கிடக்கு? பொய் சொல்லாதே.”

“நாலு லாரி தேறும்,” என்றான். லாரிக் கணக்கில் அபராதம் போட்டால் கோட்டு, பூட்ஸ், அவன் போட்டிருக்கும் குல்லா எல்லாமே போய்விடும்.

அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கோட்டுப் பைக்குள் கையை விட்டாள். ரசீதுப் புத்தகம் வரப்போகிறது என்று ஹேத்ராம் கண்ணை மூடிக்கொண்டான். திறந்தபோது அவள் கையில் ஒரு கொக்கித் தராசு ஆடிக்கொண்டிருந்தது.

“நான் அடுத்த கணவாய்ல கோட்டுக்கடை வச்சிருக்கேன் பாயி. எங்க ஊர்க் குப்பை மேடு போன வாரமே தீர்ந்துபோச்சு. கிலோ என்ன விலை?”