சோபாவுக்குள் ஒரு குடித்தனம்

மூன்றாவது மாடி வீட்டுச் சோபாவின் தையலுக்குள் இருந்த நிறைமாச மூட்டைப்பூச்சிக்கு ஆறு காலும் வெடவெடத்தன. வாசலில் பக்கத்து வீட்டுக்காரியோடு மருந்தடிக்கிற ஆள் நின்றான். நெடி உள்ளே வரைக்கும் அடித்தது.

"எங்க வீட்ல மூட்டைப்பூச்சிக்கு மருந்து அடிக்கிறோம், சியாமளா மேடம். உங்க வீட்லயும் சேர்த்து அடிச்சிடலாமா?"

"தொலைஞ்சோம்!" என்று புருஷனைக் கட்டிக்கொண்டது பூச்சி.

சியாமளா கைத் தடிப்புகளைத் துப்பட்டாவால் மூடினாள். "ஐயய்யோ, எங்க வீட்ல அதெல்லாம் கிடையாதுங்க!"

கதவைச் சாத்திய பிறகுதான் பூச்சிக்கு உயிர் வந்தது.

சாயங்காலம் ஸ்விட்ச் போர்டு இடுக்கு வழியாகப் பக்கத்து வீட்டுப் பூச்சிகள் குஞ்சு குளுவான்களோடு தப்பி வந்தன. "இங்கேயும் மருந்து அடிப்பாங்களா?" என்று அழுதன.

"பயப்படாம வாங்க," என்று நகர்ந்து இடம் விட்டது அது. "இவங்க ரொம்பக் கௌரவமானவங்க."